சட்டை மாற்றினேன், நாற்காலி கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை

போன வாரம் என் அக்கா மகள் ஒரு சிறுகதையை ஃபோனில் அனுப்பி, "மாமா, உங்க கதை மாதிரியே இருக்கு, படிங்க" என்றாள். மரியாதையும் உடையும் பற்றிய சின்னக் கதை. அழுக்குச் சட்டையோடு ஓர் அலுவலகத்துக்குப் போகிற மனிதரை அங்கே யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவமானப்பட்டுத் திரும்புகிறவர் மறுநாள் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையில் போகிறார். அதே ஆட்கள் எழுந்து வணக்கம் சொல்கிறார்கள், வந்த வேலையும் அரை மணி நேரத்தில் முடிகிறது. முதல் பாதியைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இரண்டாவது பாதியோடுதான் எனக்குச் சண்டை. ஏனென்றால் அந்தச் சட்டையை நானும் வாங்கினேன், நானும் போட்டுக்கொண்டு போனேன். என் வேலை முடியவில்லை. எது முடித்துக் கொடுத்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன், கொஞ்சம் நீளமாகவே. அப்போது இதை எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

நாங்கள் சோழவந்தானுக்குப் பக்கத்துக் கிராமம், கொடிக்கால்தான் பிழைப்பு. விடியும் முன்னே வெற்றிலை கிள்ள இறங்கினால் ஏறும்போது முழங்கால் வரை சேறு இருக்கும், நகக்கண்ணில் வெற்றிலைக் கறை ஏறியிருக்கும். அந்தக் கறை எந்த சோப்புக்கும் போகாது. அப்பா 2024 தை மாதம் இறந்துபோனார். மதுரையில் ஒரு வங்கிக் கிளையில் அவர் பேரில் 3,00,000 ரூபாய்க்கு ஒரு எஃப்டியும் (வைப்புத்தொகை), சேமிப்புக் கணக்கில் 41,000 ரூபாயும் இருந்தன. மண்டிக்காரர் கொடுக்கும் செக்கை மாற்றுவதற்காக அந்தக் காலத்தில் தொடங்கிய கணக்கு. எஃப்டி ரசீதிலேயே நாமினி, அதாவது அவருக்குப் பிறகு பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டியவர் என்று அம்மா பேர் அச்சாகியிருந்தது. பங்குனியில் அந்த எஃப்டி முதிர்ந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பதினாறாம் நாள் காரியத்துக்கும் நான் இரண்டு வட்டிக்கு 50,000 ரூபாய் வாங்கியிருந்தேன். எஃப்டி வந்ததும் அடைத்துவிடலாம், பத்து நாள் வேலை என்று நினைத்தேன். அக்கா திருப்பூரில் இருக்கிறாள், இந்த அலைச்சல் முழுக்க நானும் அம்மாவும்தான்.

முதல் நாள் போனதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இலையைக் கட்டி அனுப்பிவிட்டு அவசரமாகக் குளித்து, வெளுத்துப்போன ஒரு சட்டையும் நாலு முழ வேட்டியுமாகக் கிளம்பினேன். அம்மாவுக்கு 72 வயது. பழைய சின்னாளபட்டிச் சேலை, ரப்பர் செருப்பு, அப்பா போன பிறகு வெறும் நெற்றி. உள்ளே போனதும் காலியாக இருந்த ஒரு நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு வரிசையில் நின்றேன். சற்று நேரத்தில் காவலாளி வந்து, "பாட்டி, கொஞ்சம் எந்திரி, கஸ்டமர் உக்காரணும்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், வாசல் பக்கம் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டது. என் அம்மாவும் அங்கே கஸ்டமர்தான், மூன்று லட்சம் ரூபாய்க்கு நாமினி. அதை அங்கேயே, அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எனக்கு முன்னால் நின்றவரிடம் "சொல்லுங்க சார்" என்ற கவுன்ட்டர்காரர் என்னிடம் "என்ன வேணும் உனக்கு" என்றார். நம் மொழியில் ஒருவரை மதிக்காமல் இருக்கத் திட்டவே வேண்டியதில்லை, 'நீங்க' என்பதை 'நீ' ஆக்கினால் போதும். என் வயது 43, அவருக்கு முப்பதுக்குள்தான் இருக்கும்.

அன்றைக்கு என்ன பேப்பர் வேண்டும் என்று கேட்டேன். இறப்புச் சான்றிதழ் கொண்டு வா என்றார். அது கையிலேயே இருந்தது, காட்டினேன். நகலில் கெசட்டட் அதிகாரி கையெழுத்து வாங்கி வா என்றார். வாங்கிக்கொண்டு போனால், அம்மாவின் ஆதாரில் முகவரி வேறாக இருக்கிறது, மாற்றி வா. மாற்றிக்கொண்டு போனால் மேனேஜர் லீவு. அடுத்த முறை, வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதற்கடுத்த முறை, இதே வங்கியில் கணக்கு வைத்திருக்கும் இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒன்று, ஒவ்வொரு தடவையும் வாய்வார்த்தை. நான் செய்த முதல் தப்பு இங்கேதான். முதல் நாளே "இறந்தவர் கணக்குக்கான கிளெய்ம் படிவத்தைக் கொடுங்கள், என்னென்ன இணைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டிருக்க வேண்டும். அப்படி ஒரு படிவம் இருப்பதே ஐந்தாவது தடவைதான் எனக்குத் தெரிந்தது. வாயால் சொன்னதை நாளைக்கு இன்னொருவர் மாற்றிச் சொல்லலாம், நானா சொன்னேன் என்றும் கேட்கலாம். எழுதியதை அப்படிச் செய்ய முடியாது. நீங்கள் போனால் ஒரு சின்ன நோட்டு கொண்டு போங்கள். போன தேதி, பேசியவர் உட்கார்ந்திருந்த கவுன்ட்டர், அவர் சொன்னது, எல்லாவற்றையும் அங்கேயே எழுதுங்கள். எழுதுவதைப் பார்த்ததும் பேச்சு கொஞ்சம் மாறும், அதை நானே பின்னால் பார்த்தேன்.

வாரிசுச் சான்றிதழ் விஷயத்தில் நான் ஏமாந்ததை மறைக்காமல் சொல்கிறேன். தாலுகா அலுவலக வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பளிச்சென்ற வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் தோல் பை, மோதிரம். "என்ன விஷயம்?" என்று அவரே வந்து விசாரித்தார். நான் அவரை சார், சார் என்றுதான் கூப்பிட்டேன். ஆறாயிரம் கொடுத்தால் பதினைந்து நாளில் வாங்கித் தந்துவிடுவதாகச் சொன்னார், கொடுத்துவிட்டேன். ரசீது கேட்கவில்லை, யார் எவர் என்று விசாரிக்கவில்லை. அந்தச் சட்டையைப் பார்த்த பிறகு எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. ஆறு வாரம் கழித்து அவருடைய ஃபோன் அணைந்துவிட்டது. விசாரித்தால் என் பேரில் விண்ணப்பமே போடப்படவில்லை. அதற்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பணம் போன கவலை ஒரு பக்கம், வங்கியில் அந்தக் கவுன்ட்டர்காரர் என்னைப் பார்த்த அதே பார்வையால்தான் நானும் அந்த ஆளைப் பார்த்திருக்கிறேன் என்பது இன்னொரு பக்கம். அவர் என் சட்டையைப் பார்த்து ஒதுக்கினார், நான் இந்த ஆளின் சட்டையைப் பார்த்து நம்பினேன். கதை எழுதியவர் இந்தப் பக்கத்தையும் தொட்டிருக்கலாம்.

அதற்கப்புறம்தான் சட்டை வாங்கப் போனேன். யாரோ டீக்கடையில், "நீ இப்படிப் போனா எவன் மதிப்பான், டிப்டாப்பா போ" என்றார்கள், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பேன்ட்டும் சட்டையும் 2,200, ஷூ 1,400, பெல்ட் 250, மொத்தம் 3,850 ரூபாய். கடையிலிருந்து பையோடு மேலமாசி வீதி வழியாக நடந்து வந்தபோது அந்தக் காதிக் கடையைப் பார்த்தேன். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அப்பா அதைக் காட்டி, காந்தி சட்டையை விட்டது இந்த வீட்டில்தான் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. 1921 செப்டம்பர் 22. உடுத்த இரண்டாவது துணி இல்லாத ஜனங்களைப் பார்த்துவிட்டு அவர் அரைத்துணிக்கு மாறியது இந்த ஊரில். அதே மாதிரித் துணியில்தான் பத்து வருஷம் கழித்து லண்டனில் ராஜாவையே போய்ப் பார்த்தார். அப்பா எங்களை காந்தி மியூசியத்துக்கும் கூட்டிப் போயிருக்கிறார், ரத்தக்கறை படிந்த காந்தியுடைய வேட்டியைக் கண்ணாடிக்குள் பார்த்து நான் பயந்து அழுதிருக்கிறேன். அன்று தெருவில் நின்று யோசித்தேன். காந்தி சட்டையில்லாமல் போனாலும் அவர் யார் என்று உலகத்துக்கே தெரியும். என் அம்மா யார் என்று அந்தக் கவுன்ட்டரில் ஒருவருக்கும் தெரியாது. பேர் தெரிந்தவர் சட்டையைக் கழற்றுவதும் பேர் தெரியாதவர் சட்டையில்லாமல் நிற்பதும் ஒன்றல்ல.

சரி, புதுச் சட்டை என்ன செய்தது? காவலாளி கதவைத் திறந்துவிட்டார். கவுன்ட்டர்காரர் "உட்காருங்க சார்" என்றார். தண்ணீர் கூட வந்தது. ஏழெட்டு நிமிஷம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "பிராசஸ்ல இருக்கு சார், ஹெட் ஆபீஸ்ல இருந்து வரணும், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார். எனக்கு அன்று ஒரே சந்தோஷம், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வேலை முடிந்த மாதிரியே சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அதே சட்டையைத் துவைத்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனால், ஜாமீன்தாரர் கையெழுத்து எங்கே சார் என்கிறார். 'நீ' என்றவர் 'நீங்க' என்றார், அவ்வளவுதான், பேப்பர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. மரியாதையான வார்த்தையில் நான் மயங்கிப் போனதால் கேட்க வேண்டிய கேள்வியை அன்றைக்குக் கேட்காமல் விட்டுவிட்டேன், அதில் இரண்டு வாரம் போனது. ஒன்று தெளிவாகச் சொல்கிறேன். முகத்தைச் சுளித்துப் பேசினாலும் சிரித்துப் பேசினாலும், நீங்கள் வெளியே வரும்போது கையில் ஒரு சீல் வைத்த தாள் இல்லையென்றால் அன்றைக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை, மனம் வெறுத்துப்போய், குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடமே மனு கொடுத்துவிடலாம் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வளாகத்துக்கு வெளியே மரத்தடியில் மனு எழுதுகிறவர்கள் இருப்பார்கள். ஒரு பெரியவர், கைலியும் கையில்லாத பனியனும், தோளில் துண்டு, மடியில் பரீட்சை அட்டை. புரோக்கரிடம் பட்ட அனுபவம் மட்டும் இல்லையென்றால் நான் அவரைத் தாண்டிப் போயிருப்பேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். எஃப்டி ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, அம்மா பேரு நாமினியா இதுலயே இருக்கே, அப்புறம் எதுக்கு வாரிசு கேக்குறாங்க? இந்த மனு கலெக்டர்கிட்ட போனாலும் அந்த பேங்குக்குத்தான் திரும்பி வரும். முதல்ல பேங்குக்கே எழுத்துல குடுங்க, வாங்கிக்கிட்டோம்னு சீல் வாங்குங்க. அப்புறம் அவங்கதான் உங்களத் தேடணும்" என்றார். 150 ரூபாய் வாங்கிக்கொண்டு அங்கேயே எழுதிக் கொடுத்தார். அம்மாவிடம், "நீங்க அந்த நாற்காலியில உக்காருங்கம்மா" என்று தன் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அன்று ராத்திரி அக்கா மகளிடம் ஃபோனில் சொன்னேன், அவள் தேடிப் பார்த்து ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையை எடுத்துப் படித்துக் காட்டினாள். 2005 ஜூனிலேயே போட்டது. நாமினி பதிவாகியிருந்தால், அல்லது இரண்டு பேர் சேர்ந்து வைத்த கணக்கில் உயிரோடு இருப்பவருக்குக் கொடுக்கலாம் என்று இருந்தால், எவ்வளவு பெரிய தொகையானாலும் வாரிசுரிமைச் சான்று, பின்னால் நஷ்டம் வந்தால் ஈடுகட்டுகிறேன் என்று எழுதித் தரும் ஈட்டுறுதிப் பத்திரம், ஜாமீன் கையெழுத்து எதையும் வங்கி வற்புறுத்தக் கூடாது. இறப்புச் சான்றும் நாமினியின் அடையாளமும் இருந்தால் போதும். கிளெய்ம் கையில் வந்த 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும். நான் அலைந்தது நாலு மாதத்துக்கு மேல். ஃபோனை வைத்துவிட்டு வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்கிறேன், நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள். நாமினி என்றால் பணம் அவருக்கே சொந்தம் என்று அர்த்தம் இல்லை. வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு, வாரிசுகளின் பங்கு அப்படியே இருக்கும். அக்காவின் பங்கை நாங்கள் பின்னால் கொடுத்துவிட்டோம்.

பெரியவர் எழுதிய கடிதத்தில் பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. கிளை மேலாளருக்கு, தேதியோடு. அப்பா பேர், எஃப்டி எண், சேமிப்புக் கணக்கு எண், இறந்த தேதி, நாமினியாக அம்மா பேர். இணைத்த நகல்களை வரிசையாக எண்ணி எழுதியிருந்தார். அப்புறம் ஒரு வரி: "வாரிசுச் சான்றிதழும் ஜாமீன் கையெழுத்தும் எந்த விதியின்படி தேவை என்று எழுத்து மூலமாகத் தெரிவிக்கக் கோருகிறேன்." சுற்றறிக்கை விவரத்தையும் அந்த 15 நாள் கணக்கையும் அக்கா மகள் சொல்லச் சொல்ல நான் அதற்குக் கீழே சேர்த்தேன். கீழே அம்மாவின் கைரேகை. இரண்டு பிரதி. மறுநாள் போனபோது கவுன்ட்டரில் வாங்க மாட்டேன் என்றார்கள். நான் நோட்டை எடுத்து, "வாங்க மாட்டோம்னு சொன்னதா தேதி போட்டு எழுதிக்கிறேன், தபால்ல அனுப்பிர்றேன்" என்றேன். அந்தத் தபாலும் நல்ல வழிதான், ஸ்பீட் போஸ்டில் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு அனுப்பினால் அதுவே சீலுக்குச் சமம். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, ஒரு பிரதியில் தேதியோடு சீல் வைத்துக் கொடுத்தார்கள். நான் அன்று பழைய வேட்டியில்தான் போயிருந்தேன், பேன்ட் போடத் தோன்றவில்லை.

பதினோராவது நாள் வங்கியிலிருந்தே ஃபோன் வந்தது, அம்மாவை ஒரு கைரேகைக்குக் கூட்டி வரச் சொல்லி. பதின்மூன்றாவது நாள் அம்மாவின் கணக்கில் பணம் ஏறிவிட்டது. இ-சேவையில் நான் பிறகு போட்ட வாரிசுச் சான்றிதழ் அப்போதும் வந்திருக்கவில்லை. ஜாமீன் கையெழுத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. ஒருவேளை அவர்கள் பதில் சொல்லாமல் இருந்திருந்தால், வங்கிக்கு எழுதி 30 நாள் ஆனதும் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போயிருக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, இணையத்திலும் போடலாம், தபாலிலும் அனுப்பலாம், எப்படி என்று விசாரிக்க 14448. ஆனால் முதலில் வங்கிக்கு எழுதிக் கொடுத்த அத்தாட்சி இல்லாமல் அங்கேயும் எடுக்க மாட்டார்கள். திரும்பத் திரும்ப அந்த சீலில்தான் வந்து நிற்கிறது.

கடைசி நாள் கைரேகைக்குப் போனபோது அம்மா அதே சேலையில் வந்தது. அதே வரிசை நாற்காலியில் உட்கார வைத்தேன். கூட்டம் இருந்தது. காவலாளி பக்கத்தில் வந்தார். நான் எழுந்து, "அண்ணே, எங்க அம்மா இந்த பேங்க் கஸ்டமர்" என்றேன், சத்தமாகக் கூட இல்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு அஞ்சு மாதம் ஆகியிருக்கிறது. அவர் மேல் இப்போது கோபம் இல்லை, அவரும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவர்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வங்கிக்கு மட்டும் ஒன்பது தடவை. பஸ், ஆட்டோ, சாப்பாடு தடவைக்கு 250 வீதம் 2,250. ஒன்பது நாள் வேலை போனது, நாளுக்கு 700 வீதம் 6,300. புரோக்கர் 6,000. உடுப்பு 3,850. ஐந்து மாத வட்டி 5,000. முதிர்ந்த எஃப்டிக்கு அதற்கப்புறம் சேமிப்புக் கணக்கு வட்டிதான் என்பதால் அந்த வகையில் சுமார் 5,000. ஆக 28,400 ரூபாய். கடைசியில் வேலையை முடித்தது 150 ரூபாய்க் கடிதம்.

வேட்டி கட்டியவரை உள்ளே விடாதது பெரிய செய்தியாகி 2014-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமே வந்தது, நினைவிருக்கும். சென்னையில் ஒரு கிளப்பில் உயர் நீதிமன்ற நீதிபதியையே வேட்டிக்காகத் தடுத்தார்கள். இப்போது கிளப் போன்ற இடங்களில் அப்படித் தடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் எங்களை யாரும் வாசலில் தடுக்கவில்லையே, உள்ளே விட்டுத்தான் நிற்க வைத்தார்கள். அதற்கு எந்தச் சட்டத்தைக் காட்டுவது? அதனால்தான் அந்தக் கதையின் முடிவு எனக்கு உறுத்துகிறது. நல்லதாக உடுத்திக்கொண்டு போ, எல்லாம் நடக்கும் என்று அதைப் படிக்கும் இன்னொரு கொடிக்கால்காரர் நம்பிவிட்டால் அவருக்கும் 3,850 ரூபாய் போகும். சுத்தமாகப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கிச் சட்டை எடுக்காதீர்கள் என்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு என் சொந்தக் கணக்கின் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். நாமினி என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. உங்களுடையதையும் இன்றைக்கே பாருங்கள், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுடையதை முதலில் பாருங்கள். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, அவ்வளவுதான். 2025 நவம்பரிலிருந்து நாலு பேர் வரைக்கும் கூடப் போடலாம். நான் மறுநாள் காலையிலேயே எங்கள் ஊர்க் கிளைக்குப் போனேன், கொடிக்காலிலிருந்து நேராக, கைலியோடு. காலில் சேறு காயக்கூட இல்லை. படிவம் இரண்டு பிரதி கொண்டு போயிருந்தேன், ஒன்றில் சீல் வைத்துக் கொடுக்கும் வரை கவுன்ட்டரை விட்டு நகரவில்லை.